கொழுப்புக்குப் போக்கிடம் இல்லாதபோது

1946இல் அமெரிக்காவின் அலபாமாவில் கோப்லண்ட், சால்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எலிகளுக்குத் தீனியில் குறை எதுவும் வைக்கவில்லை, கோலின் என்ற ஒரே ஒரு சத்தைத் தவிர. கோலின் இல்லையென்றால் கல்லீரலால் தன்னிடம் சேரும் கொழுப்பைத் துகள்களாக்கி ரத்தத்துக்கு அனுப்ப முடியாது. அந்தத் துகள்களின் மேலுறையைச் செய்யக் கோலின் வேண்டும். ஆக, உள்ளே வந்த கொழுப்பு உள்ளேயே நின்றுவிடும். மாதக்கணக்கில் இப்படி வளர்ந்த எலிகளின் கல்லீரல் முதலில் கொழுத்தது, பிறகு தழும்பேறியது, கடைசியில் பல எலிகளுக்கு அங்கே கட்டி வந்தது. புற்றுநோயை உண்டாக்கும் ரசாயனம் எதையும் அவர்கள் கொடுக்கவில்லை.

கொடுக்கவில்லை என்றுதான் நினைத்தார்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. தேடிப் பார்த்தால் காரணம் தீனியில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு. அதில் வளர்ந்த பூஞ்சை சுரந்த அஃப்லடாக்சின், கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவதில் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. சால்மனின் ஆய்வகத்திலும் கடலைப் பிண்ணாக்குதான் புழங்கியது! 1963இல் அவரே நியூபெர்ன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, கடலைப் பிண்ணாக்கு தின்ற எலிகளுக்குக் கல்லீரல் கட்டி வருகிறது என்று எழுதினார். அப்புறம் யார் பழைய முடிவை நம்புவார்கள்? கொழுப்பா, பூஞ்சையா என்ற சந்தேகம் இருபது ஆண்டுகள் நீடித்தது. 1984இல் டொரான்டோவில் கோஷலும் ஃபார்பரும் அஃப்லடாக்சின் கலக்காத தூய தீனியை வைத்து, கோலினும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் மட்டும் குறைத்துத் திரும்பச் செய்தார்கள். அப்போதும் புற்றுநோய் வந்தது.

ஒரு சோதனை பிழையென்று சந்தேகப்பட்டு, திரும்பச் செய்து, சரியென்று நிற்பதற்கு 38 ஆண்டுகள். கல்லீரலுக்குள் கொழுப்பு வெளியேற வழியில்லாமல் தங்கினால், வேறு எந்த நஞ்சும் இல்லாமலே அது புற்றுநோய் வரை போகக்கூடும் என்பது குறைந்தபட்சம் எலிகளில் அப்போது உறுதியானது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். வேறு ஏதோ வயிற்று வலிக்காக எடுத்தது. வலிக்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கீழே ஒரு வரி, 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்'. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இது இப்ப நிறைய பேருக்கு இருக்கு சார், வெயிட்டைக் குறைங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். உலகில் வயது வந்தவர்களில் 10 பேரில் சுமார் 3 பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது என்று இப்போது கணக்கிடுகிறார்கள். நிறைய பேருக்கு இருக்கிறது என்பது ஆறுதலா, இல்லை எச்சரிக்கையா என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இணையத்தில் தேடினால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். ஒன்று, "பயப்பட ஒன்றுமில்லை". இன்னொன்று, "ஃபேட்டி லிவரில் ஆரம்பித்துப் புற்றுநோயில் முடியும்". இரண்டுமே முழு உண்மை அல்ல.

இது தனி நோயாகப் பெயர் பெற்றதே அண்மையில்தான். 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர் யூர்கன் லுட்விக் 20 நோயாளிகளின் கல்லீரல் திசுவைப் பார்த்து, குடிப்பவர்களுக்கு வருகிற அதே சேதம் குடிக்காதவர்களுக்கும் வந்திருக்கிறது என்று எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் உடல் பருமன் உள்ளவர்கள். அதற்கு முன்பு இப்படி ஒரு கல்லீரலைப் பார்த்தால், நோயாளி குடிப்பதை மறைக்கிறார் என்றுதான் பல மருத்துவர்கள் முடிவு கட்டினார்கள். எத்தனை பேர் வீணாகப் பேச்சு வாங்கியிருப்பார்களோ! 2023இல் இந்த நோயின் பெயரையே மாற்றி, 'மது அல்லாத' என்ற அடைமொழியை எடுத்துவிட்டு, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்த்துப் பெயர் வைத்தார்கள்.

பருமனுக்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பெரிய அளவில் காட்டியது 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. சுமார் 9 லட்சம் பேரை 16 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) 35க்கு மேல் இருந்த ஆண்கள் கல்லீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, சரியான எடையுள்ள ஆண்களைவிட நான்கரை மடங்கு. அந்த ஆய்வில் ஆண்களிடம் பருமனோடு சேர்ந்து இந்த அளவு ஏறிய புற்றுநோய் வேறு எதுவும் இல்லை. பெண்களிடம் அது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். 2016இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், உடல் கொழுப்பு மிகுதியால் வருவதற்குப் போதிய சான்று உள்ள 13 புற்றுநோய்களைப் பட்டியலிட்டபோது கல்லீரலும் அதில் இருந்தது.

உலகம் முழுக்க எடுத்துக்கொண்டால் கல்லீரல் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம் இன்றும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள்தான். ஆனால் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, சி-க்கு அதை அறவே ஒழிக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. அந்த இரண்டும் இறங்குமுகமாக இருக்க, கொழுப்பு வழியாக வருவது ஏறுமுகத்தில் இருக்கிறது.

சரி, கல்லீரலுக்கு இவ்வளவு கொழுப்பு எங்கிருந்து வருகிறது? சாப்பிடும் கொழுப்பு நேராகப் போய் ஈரலில் உட்கார்ந்துகொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2005இல், ஃபேட்டி லிவர் உள்ள சிலருக்கு, கொழுப்பு வரும் வழியைத் தடம் பிடிக்க அடையாளமிட்ட அணுக்களை (ஐசோடோப்புகளை) கொடுத்து, பிறகு ஈரல் திசுவை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். கொழுப்பில் 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து கசிந்து ரத்தம் வழியாக வந்தது. 26 சதவீதம் சர்க்கரை போன்றவற்றிலிருந்து கல்லீரல் தானே தயாரித்தது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம் மட்டுமே.

அந்த 59 சதவீதத்தில்தான் விஷயமே இருக்கிறது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புத் திசு ஒரு கிடங்கு. கிடங்கில் இடமிருக்கும்வரை சரக்கு பத்திரமாக இருக்கும். நிரம்பிவிட்டால் சரக்கை வைக்கக் கூடாத இடங்களில் இறக்க வேண்டிவரும். கல்லீரல், தசை, கணையம், குடலைச் சுற்றிய பகுதி எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். வயிற்றுக்குள் சேரும் கொழுப்புக்கு இன்னொரு வசதி உண்டு. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை வழியாக, அது விடுவிக்கும் கொழுப்பு அமிலங்கள் வேறு எங்கும் சுற்றாமல் நேராகக் கல்லீரலை அடைந்துவிடும். இடுப்பளவு பெரிதாக இருப்பவர்களைப் பற்றி மருத்துவர்கள் கூடுதலாகக் கவலைப்படுவது இதனால்தான்.

கிடங்கு என்று சொன்னது வெறும் பேச்சுக்கு அல்ல. கொழுப்புத் திசுவே இல்லாமல் பிறக்கும் மனிதர்கள் உண்டு. லிப்போடிஸ்ட்ரோபி என்ற அரிய நோய். பார்க்க ஒல்லியாக, தசை புடைத்து இருப்பார்கள். ஆனால் கடுமையான நீரிழிவும் பெரிதாக வீங்கிய கொழுப்புக் கல்லீரலும் அவர்களுக்கு வரும். உடலில் கொழுப்பை வைக்க இடமே இல்லை, அதனால் எல்லாம் ஈரலுக்குப் போகிறது. 2000இல் இப்படிப்பட்ட எலிகளுக்கு, இயல்பான எலிகளின் கொழுப்புத் திசுவை எடுத்து வைத்துத் தைத்தார்கள். சர்க்கரை இறங்கியது, கல்லீரல் கொழுப்பும் குறைந்தது. இதற்கு நேர்மாறான சோதனை 2007இல் வந்தது. கட்டுப்பாடில்லாமல் தின்னும் எலி வகை ஒன்றில், கொழுப்புத் திசு சுரக்கும் அடிபோநெக்டின் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்க வைத்தார்கள். அந்த எலிகள் முன்பைவிட இன்னும் அதிகமாகக் கொழுத்தன. ஆனால் கொழுப்பெல்லாம் தோலுக்கடியில் போய்ச் சேர்ந்தது, கல்லீரலில் குறைந்தது, சர்க்கரையும் இயல்பு நிலைக்கு வந்தது. எடையை மட்டும் பார்த்து ஒருவரின் கல்லீரலைப் பற்றித் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. பருமனானவர்களில் சிலருக்கு ஈரல் சுத்தமாக இருப்பதும், மெலிந்தவர்களில் சிலருக்கு ஃபேட்டி லிவர் வருவதும் இந்தக் கணக்கில் புரிந்துவிடும்.

அடுத்தது கல்லீரல் தானே தயாரிக்கும் 26 சதவீதம். இன்சுலின் கல்லீரலுக்கு இரண்டு ஆணைகள் இடுகிறது. சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து என்பது ஒன்று. வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கிச் சேமி என்பது இன்னொன்று. பருமனோடு இன்சுலின் எதிர்ப்பு வரும்போது இரண்டு ஆணையும் செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. முதல் ஆணை மட்டும் கேட்காமல் போகிறது, இரண்டாவது நன்றாகவே கேட்கிறது. ஆகவே கல்லீரல் சர்க்கரையையும் தயாரித்துத் தள்ளுகிறது, கொழுப்பையும் தயாரித்துத் தள்ளுகிறது. கொலஸ்ட்ரால் ஆய்வுக்காக 1985இல் நோபல் பெற்ற பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 2008இல் இந்த முரணைத்தான் எடுத்து விவாதித்தார்கள். எதிர்ப்பைச் சமாளிக்கக் கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரக்கும். இன்சுலினோ செல்களை வளரச் சொல்லும் ஹார்மோன். அதன் அளவு ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருப்பது புற்றுநோய்க்குச் சாதகமான சூழல். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகத் திரும்பத் திரும்பப் பதிவாவதில் வியப்பில்லை.

ஆனால் கொழுப்பு ஈரலுக்குள் வந்துவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடும்? இந்தக் கேள்விக்குத்தான் நான் எதிர்பார்க்காத பதில் கிடைத்தது. ஸ்கேனில் கல்லீரல் பளிச்சென்று தெரியக் காரணமான கொழுப்புத் துளிகள், அதாவது டிரைகிளிசரைடுகள், கிட்டத்தட்ட சாதுவானவை. மூன்று கொழுப்பு அமிலங்களைக் கிளிசராலோடு கட்டி, செல்லுக்குள் ஓர் ஓரமாக ஒதுக்கி வைப்பது செல்லின் தற்காப்பு. கட்டாமல் திரியும் கொழுப்பு அமிலங்களும், அவற்றிலிருந்து உருவாகும் செராமைடு போன்றவையும்தான் செல்லைக் கொல்பவை. 2007இல் ஓர் ஆய்வில், ஃபேட்டி லிவர் உள்ள எலிகளுக்கு டிரைகிளிசரைடு கட்டும் நொதியைத் தடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே கல்லீரல் கொழுப்பு குறைந்தது. ஆனால் செல் சேதமும் தழும்பும் கூடின! ஸ்கேன் எடுத்திருந்தால் ரிப்போர்ட் நன்றாக வந்திருக்கும். ஈரல் மோசமாக இருந்திருக்கும்.

அதனால்தான் 'கிரேடு' என்ற சொல்லை நான் இப்போது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கிரேடு சொல்வது கொழுப்பின் அளவை. கெடுதல் நடப்பது, அந்தக் கொழுப்பை எரித்துச் சமாளிக்கும் வேலை செல்லின் சக்தியை மீறும்போது. செல்லின் எரிசக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியா ஓயாமல் கொழுப்பை எரிக்க, அதில் தப்பிக்கும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பக்கத்தில் உள்ள கொழுப்புகளைத் தாக்கி, அதில் பிறக்கும் துணைப்பொருட்கள் டிஎன்ஏவையே ஒட்டிக் கெடுக்கின்றன. செல்கள் சாகின்றன. செத்ததற்கு ஈடாகப் புதியவை பிறக்க வேண்டும். அதற்கு மற்ற செல்கள் பிரிய வேண்டும். காயம்பட்ட டிஎன்ஏவை வைத்துக்கொண்டு, அழற்சிக்கு நடுவில், பத்து இருபது ஆண்டுகள் இடைவிடாமல் பிரிந்துகொண்டே இருந்தால், எங்கோ ஒரு செல்லில் ஆபத்தான மாற்றங்கள் ஒன்றுசேரும். ஹெபடைட்டிஸ் வைரஸோ, மதுவோ, கொழுப்போ, இந்தப் பாதை பெரும்பாலும் ஒன்றுதான்: சாவு, மறுபிறப்பு, தழும்பு. தழும்பு முற்றி ஈரல் முடிச்சு முடிச்சாகிவிட்டால் சிரோசிஸ்.

பருமன் இதோடு நிற்பதில்லை. எலிக்குட்டிகளுக்குப் பிறந்த இரண்டாவது வாரத்தில் ஒரு புற்றுநோய் ரசாயனத்தைக் கொஞ்சமாகக் கொடுத்து, பாதி எலிகளை மட்டும் கொழுக்க வைத்த ஒரு சோதனை 2010இல் வெளியானது. கொழுத்தவற்றுக்குக் கட்டிகள் கூடுதலாக வந்தன. இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் என்ற இரண்டு அழற்சிப் புரதங்களின் சமிக்ஞையைத் தடுத்தவுடன் அந்தக் கூடுதல் மறைந்தது. அதாவது பருமன் விதை போடுவதைவிட, ஏற்கெனவே விழுந்திருக்கும் விதையை முளைக்க வைக்கும் வேலையைத்தான் அங்கே செய்தது. இதே இன்டர்லூகின்-6ஐ ஈஸ்ட்ரோஜன் அடக்குகிறது என்று 2007இல் எலிகளில் காட்டினார்கள். ஆண்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் பெண்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வருவதற்கு அது ஒரு விளக்கம்.

குடலுக்கும் பங்கு உண்டு. 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் கண்டது: பருமன் குடல் பாக்டீரியாக்களின் கலவையை மாற்றுகிறது, அவை பித்த அமிலத்தைச் சிதைத்து டிஆக்சிகோலிக் அமிலத்தைக் கூடுதலாக உண்டாக்குகின்றன, அது போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்கு வந்து, தழும்பை உருவாக்கும் செல்களை மூப்படைய வைக்கிறது, மூப்படைந்த செல்கள் சாகாமல் அழற்சிப் பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. பாக்டீரியாக்களை ஆன்டிபயாடிக் கொடுத்துக் குறைத்தபோது கட்டிகள் குறைந்தன. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் ஆன்டிபயாடிக் வாங்கப் போய்விட வேண்டாம்.

கொழுப்பு நம் எதிர்ப்புச் செல்களையும் விட்டுவைப்பதில்லை. கொழுத்த எலிக் கல்லீரலில் சிடி4 என்ற வகை டி செல்கள் குறைந்துபோவதை 2016இல் பார்த்தார்கள். ஈரல் செல்கள் வெளியிடும் லினோலியிக் அமிலம் அந்த டி செல்களின் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்துக் கொன்றுவிடுகிறது. 2021இல் வந்த இன்னொரு ஆய்வு சிகிச்சைவரை போய்த் தொட்டது. அழற்சியுள்ள கொழுப்புக் கல்லீரலில் சிடி8 என்ற இன்னொரு வகை டி செல்கள் ஏராளமாகக் குவிகின்றன. ஆனால் அவை கட்டியைத் தாக்காமல் ஈரல் திசுவையே புண்ணாக்குகின்றன. இம்யூனோதெரபி மருந்து கொடுத்து அவற்றை முடுக்கியபோது எலிகளில் கட்டி குறையவில்லை, சில சூழல்களில் கூடவும் செய்தது. மனிதர்களிடம் நடந்த பெரிய பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வைரஸால் வந்த புற்றுநோயில் கிடைத்த பலன் மற்ற காரணங்களால் வந்ததில் தெளிவாகத் தெரியவில்லை. இதற்காக யாருக்கும் அந்த மருந்தை மறுப்பதில்லை. ஆனால் புற்றுநோய் என்ன காரணத்தால் வந்தது என்பது, வந்த பிறகும் கணக்கில் வருகிறது.

இனி கட்டியின் பக்கம். வேகமாகப் பிரியும் எந்தச் செல்லுக்கும் புதிய சவ்வு வேண்டும், சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும். பல கல்லீரல் கட்டிகள் ரத்தத்தில் கொழுப்பு தாராளமாக இருக்கும்போதே தாங்களும் கொழுப்புத் தயாரிக்கின்றன. ஏகேடி என்ற வளர்ச்சிப் புரதத்தைத் தூண்டி எலிகளில் கல்லீரல் புற்றுநோய் உண்டாக்கலாம். கொழுப்பு அமிலம் கட்டும் நொதியை ஈரலிலிருந்து நீக்கிவிட்டால் அதே தூண்டுதலில் கட்டி வருவதில்லை. அப்படியென்றால் கொழுப்புத் தயாரிப்பைத் தடுத்தால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2017இல் ஒரு குழு அதே தயாரிப்புப் பாதையின் முதல் படியில் உள்ள நொதியை எலிக் கல்லீரலில் மரபணு வழியாக நீக்கி, புற்றுநோய் ரசாயனம் கொடுத்தது. கட்டிகள் குறைவதற்குப் பதிலாகக் கூடின. கொழுப்புத் தயாரிக்காத செல்லில் மிச்சமாகும் வேதி ஆற்றல் ஆக்சிஜன் சேதத்திலிருந்து அதைக் காப்பாற்றியது. கெட்டுப்போன செல்லும் அதனால் பிழைத்துக்கொண்டது. 2019இல் வேறொரு குழு அதே நொதியை மருந்தால் தடுத்தபோது, எலிகளில் கட்டி குறைந்தது.

இரண்டும் சரியான ஆய்வுகள்தான். கட்டி உருவாகும் முன் தடுப்பதும், உருவான பிறகு தடுப்பதும் ஒன்றல்ல என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். 'கொழுப்பை எரிக்கும்', 'கொழுப்பு உருவாவதைத் தடுக்கும்' என்றெல்லாம் விற்கப்படும் மாத்திரைகளைப் பார்த்தால் எனக்கு இந்த இரண்டு ஆய்வுகளும்தான் நினைவுக்கு வருகின்றன.

இவ்வளவும் எலிகளின் கதை, மனிதருக்கு என்ன சான்று என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் மரபணுவில் இருக்கிறது. 2008இல் டல்லஸில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் குழு பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றத்தைக் கண்டுபிடித்தது. அந்த மாற்றம் உள்ளவர்களின் கல்லீரலில் கொழுப்புத் துளிகள் சரியாகக் கரைவதில்லை. பிறவியிலேயே வரும் மாற்றம் இது. யாரும் கூடுதலாகத் தின்று வாங்கிக்கொண்டதல்ல. அவர்களுக்கு ஃபேட்டி லிவர் மட்டுமல்ல, சிரோசிஸும் கல்லீரல் புற்றுநோயும் கூடுதலாக வருகின்றன. ஆக, மனிதரிலும் ஈரல் கொழுப்பு வெறும் சாட்சியாக நிற்கவில்லை, செயலில் பங்கெடுக்கிறது என்பதற்கு இது வலுவான ஆதாரம். இன்னொரு செய்தி 2017இல் சேர்ந்தது: இந்த மரபணு மாற்றம் இருப்பவர் மெலிந்திருந்தால் அதன் விளைவு சிறியது, எடை ஏற ஏற அதே மாற்றம் பல மடங்கு பலமாக வெளிப்படுகிறது. 'எங்க குடும்பத்துக்கே இது வரும், என்ன பண்ண முடியும்' என்று சொல்பவர்களுக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான்.

சரி, ஒரு தனி மனிதருக்கு எவ்வளவு ஆபத்து? அமெரிக்க முன்னாள் படைவீரர்களில் ஃபேட்டி லிவர் உள்ள சுமார் 3 லட்சம் பேரை, அது இல்லாத அதே எண்ணிக்கையினரோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018இல் வந்தது. ஃபேட்டி லிவர் இருந்தால் கல்லீரல் புற்றுநோய் ஏழரை மடங்கு. தலைப்புச் செய்திக்கு ஏற்ற எண். ஆனால் உண்மையான எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 5,000 பேரில் ஒருவர். சிரோசிஸ் வரை போனவர்களை மட்டும் எடுத்தால் அது ஆண்டுக்கு 100 பேரில் ஒருவர். ஏழரை மடங்கு என்பதும் உண்மை, 5,000இல் ஒருவர் என்பதும் உண்மை. முதல் எண்ணை மட்டும் சொல்பவரையும் நம்பாதீர்கள், இரண்டாவதை மட்டும் சொல்பவரையும் நம்பாதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வைரஸால் வரும் ஹெபடைட்டிஸ் சி-யில் சிரோசிஸ் இல்லாமல் புற்றுநோய் வருவது அரிது. கொழுப்பு வழியாக வருவதில், ஆய்வைப் பொறுத்து, 10 பேரில் ஒருவர் முதல் நான்கு பேர் வரை சிரோசிஸ் இல்லாமலே நேராகப் புற்றுநோய்க்கு வருகிறார்கள். யாரைக் கண்காணிப்பது? கோடிக்கணக்கான ஃபேட்டி லிவர்க்காரர்கள் எல்லாரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்ய எந்த மருத்துவமனையாலும் முடியாது. அதனால் சிரோசிஸ், அல்லது அதை நெருங்கிய தழும்பு உள்ளவர்களுக்கு மட்டும் ஆறு மாத அல்ட்ராசவுண்ட், கூடவே ஏஎஃப்பி என்ற புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை என்று வைத்திருக்கிறார்கள். இதிலும் ஒரு கொடுமை: வயிற்றுக் கொழுப்பு தடிமனாக இருந்தால் அல்ட்ராசவுண்ட் அலை சரியாக ஊடுருவாது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம்தான் அந்தக் கருவி மங்கலாகப் பார்க்கிறது.

தழும்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முதல் படி எளிது. ஃபிப்-4 என்று ஒரு கணக்கு. வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு கல்லீரல் நொதிகள், பிளேட்லெட் எண்ணிக்கை நான்கும் போதும். வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளிலேயே இவை இருக்கும். 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேலே இருந்தால் கட்டாயம் கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடையில் இருந்தால், ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது, 65க்கு மேலே கீழ்வரம்பை 2 என்று வைத்துக்கொள்கிறார்கள். என் டாக்டர் இதைப் போடவில்லை. நான் பழைய ரிப்போர்ட்டை எடுத்து வைத்து நானே போட்டேன். 1.3க்குக் கீழேதான் வந்தது. கிரேடு என்ன என்று கேட்பதைவிடத் தழும்பு இருக்கிறதா என்று கேட்பதே சரியான கேள்வி என்று இவ்வளவு படித்த பிறகு நினைக்கிறேன்.

எடையைக் குறைத்தால் பலன் உண்டா? உண்டு, ஆனால் அளவு முக்கியம். 2015இல் கியூபாவில் 293 பேருக்கு ஒரு வருடம் உணவும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்து, தொடக்கத்திலும் முடிவிலும் ஈரல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். 10 சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி நோய் மறைந்தது. 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. தழும்பு திரும்பாது என்று வளர்ந்த தலைமுறைக்கு இது பெரிய செய்தி. கூடவே ஒரு கசப்பான செய்தியும் இருக்கிறது: அந்த 10 சதவீதத்தை எட்டியவர்கள் பத்தில் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரும் சோம்பேறிகளா என்ன? எடை குறைப்பதை வெறும் மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமாகப் பேசுபவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி 2021இல் ஓர் ஆய்வு வந்தது. அழற்சியுள்ள கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சிரோசிஸ், புற்றுநோய், ஈரல் மாற்று, கல்லீரலால் மரணம் எல்லாம் சேர்த்து 2.3 சதவீதம், செய்யாதவர்களுக்கு 9.6 சதவீதம். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்பதும் பல நாட்டு ஆய்வுகளில் ஒரேமாதிரி தென்படுகிறது. சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் குடித்தால் அந்தப் பலன் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. மதுவைக் கொஞ்சமாகக் குடித்தால் பரவாயில்லை என்ற பேச்சுக்கு, கொழுப்புள்ள கல்லீரல் விஷயத்தில் நான் இடம் கொடுக்க மாட்டேன். ஒரே பாதையில் இரண்டு பேர் தள்ளுவதுபோல் ஆகிவிடும்.

மருந்துகளும் வரத் தொடங்கிவிட்டன. 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம், 2025இல் செமாகுளுடைடு என்று இந்த நோய்க்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அவற்றுக்கு அனுமதி வாங்கித் தந்த திசுப் பரிசோதனை முடிவுகள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக் காலத்தவை. பார்த்தது அழற்சியையும் தழும்பையும். புற்றுநோய் குறைகிறதா என்று பார்க்க அந்தக் காலம் போதாது. இப்போதைக்கு நம்மிடம் உள்ள வழிகாட்டி ஹெபடைட்டிஸ் சி அனுபவம்தான். மாத்திரையால் வைரஸை ஒழித்த பிறகு அங்கே புற்றுநோய் நன்றாகக் குறைந்தது. ஆனால் அதற்குள் சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்கு ஆபத்து முழுதாகப் போகவில்லை, வைரஸ் போய் ஆண்டுகள் ஆன பிறகும் அவர்களுக்கு ஆறு மாத ஸ்கேன் தொடர்கிறது. கொழுப்பிலும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். தழும்பு முற்றுவதற்கு முன் எடை குறைத்தவருக்கும், முற்றிய பிறகு குறைத்தவருக்கும் கிடைக்கும் பலன் ஒன்றாக இருக்காது; பின்னவர் கொழுப்பெல்லாம் கரைந்துவிட்டது என்று ரிப்போர்ட் வந்தாலும் ஸ்கேனை நிறுத்தக் கூடாது.